மேலங்கிக்கு ஐந்து கிடையாதாம்

பத்து பகாட் ஊரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், மாதிரி உடுப்பு வெட்டித் தைக்கும் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். அதனால் ஞாயிறு மதியங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நால்வர் ஆடும் விளையாட்டிலும் என் பாத்திரம் தையற்காரிதான். மந்திரம் தெரிந்த தையற்காரி. ஆளுக்கொரு பாத்திரம், ஓர் இருபது பக்கப் பகடை, கதையை நடத்திச் செல்ல ஒருவர், இவ்வளவுதான் விளையாட்டு. நடத்துபவர் என் கணவரின் நண்பர், செனாயில் இன்ஜினியர். விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் மூச்சுகூட விடமாட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு விதி. மந்திரப் பொருள் செய்கிறவருக்கு அந்தப் பொருளுக்குரிய கைத்தொழிலில் தேர்ச்சி இருந்தால், பகடையில் விழும் எண்ணோடு ஐந்து கூட்டிக்கொள்ளலாம். என் கணவரின் பாத்திரம் கொல்லன். அவர் மந்திரச் சுத்தியல் செய்தபோது கேட்காமலே ஐந்து கிடைத்தது. பிஸ்கட் தின்றுகொண்டே வாங்கிக்கொண்டார்.

நான் தைத்தது தீப்பல்லித் தோலில் ஒரு மேலங்கி. சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்து எங்களோடு ஆடும் ஆசிரியையின் பாத்திரமான வைத்தியச்சிக்காக. எரியும் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க அவள் இறங்க வேண்டும். மேலங்கி தாங்குமா என்பதை அவள் தீக்குள் போன பிறகுதான் பகடை சொல்லும். பதினைந்து வந்தால் தாங்கும். குறைந்தால் வைத்தியச்சி செத்தாள். இரண்டு வருடமாக அந்த ஆசிரியை பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம்.

"அக்காவோட அஞ்சு இருக்கில்ல, பயமில்ல" என்று ஆசிரியை சொல்லிவிட்டு இறங்கினாள்.

நான் பகடையை எடுத்தேன். "இதுக்கு அஞ்சு கிடையாதுக்கா" என்றார் நடத்துபவர்.

"ஏன்?"

"மேலங்கியில மந்திரம்தான்லா வேலை செய்யுது. தோல் சும்மா கவர் மாதிரி."

"அப்ப சுத்தியல்?"

"அது வேற. இரும்பைக் காய்ச்சணும், பதம் பாக்கணும். அதுல டெக்னிக் இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தையலில் டெக்னிக் இல்லையாம்! அவர் போட்டிருந்த சட்டையில் தோள் இறங்கி, கையைத் தூக்கினால் சட்டையே இடுப்புவரை மேலே ஏறியது. அதை வெட்டியவனுக்கும் எங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் எனக்குத் தீர்ப்புச் சொல்கிறார்.

"தீ எந்த வழியா உள்ள நுழையும், சொல்லுங்க?" என்று கேட்டேன். நானே சொன்னேன்: "தையல் வழியா. ஊசி இறங்குன ஒவ்வொரு எடமும் ஓட்டை. விளிம்பை ரெண்டு தடவை உள்ள மடிச்சு, நூல் வெளிய தெரியாமத் தைக்கணும். அக்குள்ல தனியா ஒரு துண்டு வெச்சுத் தைக்கலைனா அவ கையத் தூக்கி ஒருத்தரையும் இழுக்க முடியாது, கிழிஞ்சிடும். உங்க மந்திரம் வந்து மடிச்சுத் தைக்குமா?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில், "அலமாக், சரிக்கா. உங்களுக்காக ரெண்டு தரேன்" என்றார்.

எனக்காக! கடையில் பழக்கத்துக்குக் கொசுறு போடுகிற மாதிரி. புத்தகத்தில் அச்சடித்திருப்பது ஐந்து. அது என் பாத்திரத்துக்கு உரிமை. அதைப் பாதிக்கும் கீழே குறைத்து, தயவு என்று பெயர் வைத்து நீட்டுகிறார். நான் என் கணவரைப் பார்த்தேன். ஐந்தும் வாங்கிச் சுகமாக உட்கார்ந்திருந்த அந்தக் கொல்லன் சொன்னார்: "ரெண்டாச்சும் கிடைக்குதே, வாங்கிக்கயேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன். ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் உருட்டிவிட்டேன்.

பதின்மூன்று.

ஆசிரியை தன் பாத்திரத்தின் குறிப்புத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "ரெண்டு வாங்கியிருந்தா நான் பொழச்சிருப்பேன்க்கா" என்றாள்.

உண்மைதான். அவளுக்காகத் தைத்ததை என் வீம்புக்குப் பலி கொடுத்தேன், அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் ஐந்தைக் கொடுத்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள். அந்த மேசையில் ஒருவர்கூட, அவள்கூட, அதை அவரிடம் கேட்கவில்லை.