அவசரத்துக்கு வைத்த பிளாப்பி

கறுப்புப் பிளாப்பி ஒன்றில் வெள்ளைத் தாளை ஒட்டி, நீலப் பேனாவால் ‘அவசரத்துக்கு’ என்று என் கணவர் எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பனியன் துணிகளுக்கு அச்சுப் படம் வரைவது அவர் தொழில். வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் வரைவார். தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் நாள் குறித்திருந்தார். பக்கத்து நிட்டிங் மிஷின்கள் ஓய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல்களை அடைத்துவிட்டு, இரண்டு வயது மகளுக்காகத் தன் குரலைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார். நூறு வரை எண்ணினார். அவளைக் கூப்பிட்டார், கொஞ்சினார், பொய்க்கோபம் காட்டினார். இருமல் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். கடைசியில் அந்தப் பிளாப்பியைத் தயார் செய்து என்னிடம் கொடுத்தார். “கம்ப்யூட்டர் எந்திரிக்காம போச்சுன்னா இதைப் போட்டு எழுப்பிக்கலாம் கண்ணு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற என் குரல் அழியாது.”

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மகளைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் முடித்து வைத்திருந்த படம் உடனே வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்து நின்றார். வெறும் பிளாப்பி ஒன்றுகூட வீட்டில் இல்லை. இதுவும் அவசரம்தானே என்று நினைத்து, அந்தப் பிளாப்பியில் இருந்ததை அழித்துப் படத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமே கம்ப்யூட்டர் எழவில்லை. பழுது பார்க்க வந்தவர், எழுப்புவதற்கான பிளாப்பி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். ‘எல்லாம்’ என்றால் எதுவெல்லாம் என்று கேட்கத் தோன்றவில்லை. தலையாட்டிவிட்டேன்.

கழுத்தில் கட்டோடு வீடு திரும்பியவர் நேரே கம்ப்யூட்டரின் முன் போய் உட்கார்ந்தார். நெடுநேரம் தேடினார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவதற்கும் அவரிடம் குரல் இல்லை. நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: “படம் நல்லா வந்துச்சா?”

“வந்துச்சுங்க” என்றேன். அந்த நோட்டை அவர் மூடி வைத்த விதத்தில்தான் அவருக்கு எவ்வளவு வலித்தது என்று தெரிந்துகொண்டேன். அதன்பின் நான்கு வருடம் இருந்தார். ஒருநாளும் அதைப் பற்றி எழுதியதில்லை.

மகள் இப்போது ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பா தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று போன வாரம் கேட்டாள். “சாமீ...” என்று அவரைப் போலவே இழுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“உங்க குரல்தாம்மா கேக்குது” என்றாள்.