நீவினால் ஓடிவிடும்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு வந்தவன், சுடுகாட்டுச் சுவரை ஒட்டியெல்லாம் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒன்றும் வந்ததில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

வல்லம் வடகாலில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். என்னோடு அறையில் இருந்தவன் இசக்கி, திருநெல்வேலிப் பக்கம். சரக்கு ஏற்றிய டிராலி அவன் கெண்டைக்காலை நசுக்கிவிட்டது. எலும்பு தப்பியது. கட்டுப் போட்ட டாக்டர், வீக்கம் கூடினால் உடனே வரச் சொல்லி அனுப்பினார். பத்து நாள் படுத்தே கிடந்தான். பதினோராம் நாள் காலையில் கால் வாழைத்தண்டாக வீங்கி, தொட்டால் சுட்டது.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவமா? உள்ள என்னமோ சுண்டி இழுக்கு."

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? ரத்தம் கட்டியிருக்குடா. நீவினா ஓடிடும்."

"ஆமா, நீங்க பெரிய டாக்டரு" என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினான்.

ஒரு கட்டு வைத்தியசாலையில் ஆறு மாதம் எடுபிடியாக இருந்தவன் என்ற பீற்றல் எனக்கு. உண்மை வேறு. நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தேன், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கச் சோம்பல். கட்டை அவிழ்த்து எண்ணெய் விட்டு, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மூன்று நீவல், ஓர் அழுத்து என்று அரை மணி நேரம் நீவினேன். அவன் படுத்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டு, அண்ணன் கால் பிடித்துவிடுவதைச் சொன்னான். பிறகு எழுந்து இரண்டு எட்டு வைத்திருப்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, காற்று கிடைக்காமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். ஆட்டோவில் ஏற்றும்போதே உதடு நீலம். பிழைக்கவில்லை.

காலில் கட்டின ரத்தம் ஓடிப்போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். ஓடிடும் என்று நான் சொன்னேனே, அதேதான்.

"காலை யாராச்சும் நீவினீங்களா?"

"இல்ல சார்."

மறுநாள் வந்த அவன் அம்மா என் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம் புள்ளைக்குக் காலு பிடிச்சுவிட்ட கைய்யா இது. நீ நல்லா இருக்கணும்யா." அந்த நீவல்தான் அவனைக் கொன்றது என்று அவளிடமும் நான் சொல்லவில்லை.

காரியம் முடிந்த வாரம், நைட் ஷிப்ட் முடித்துப் பட்டப்பகலில், கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் காலை நீவினார்கள். மூன்று நீவல், ஓர் அழுத்து. கனவு என்றுதான் கிடந்தேன். சுகமாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர் கேன் போடுகிறவர், தெருவுக்குப் புது ஆள், காலிக் கேனை எடுக்க வந்தார்.

"இன்னாபா, உன் ரூம்காரருக்குக் காது கேக்காதா? பகல்ல கேன் போட வந்தப்ப, எங்க வெக்கிறதுன்னு மூணு வாட்டி கேட்டேன். உன் காலைப் புடிச்சுக்கினு, நிமிரவே இல்ல."

"யாரு?"

"ஒரு காலு வீங்கி, நீட்டிக்கினு குந்தினு இருந்தாரே, அவருதான்."

குனிந்து பார்த்தேன். என் கெண்டைக்கால் எண்ணெயில் பளபளத்தது.

இப்போது மறைமலை நகர் பக்கம் இருக்கிறேன். அவன் அம்மா இன்னமும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் கெண்டைக்காலில் அந்த ஓர் அழுத்து விழுகிறது. சொல் என்கிறானா, சொல்லாதே என்கிறானா, தெரியவில்லை. சாப்பிட்டேன்மா என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.