எல்கடுவயில் ஒரு முறைப்பாடு

தன்னைக் காப்பாற்ற வந்தவர்களைக் கண்டு ஒருவர் ஏன் நடுங்க வேண்டும்? எல்கடுவ தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற சந்திரகாந்தாவை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னே வருகிறது.

ஓய்வுபெற்றபோது அவருக்குக் கிடைத்த சேமலாப நிதி முழுவதும் ஒரு கைபேசிச் செயலிக்குள் இருந்தது. வெளிநாட்டு நாணயச் சந்தையில் போட்டுப் பெருக்கித் தருவதாகச் சொன்ன செயலி. அதில் அவரைச் சேர்த்துவிட்டவர் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் சுதர்சினி. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் நெடுங்காலமாகச் சீட்டுப் பிடிப்பவரும் அவர்தான். தன் முறை வரும்வரை 'காசு பத்திரமா இருக்கா' என்று சீட்டுக்காரியிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவரைக் கள்ளி என்று சொன்னதுபோல. அதே மரியாதையைச் செயலிக்கும் கொடுத்தார்கள். சுதர்சினியின் முகத்தைத் தினமும் குழாயடியில் பார்க்கலாம். செயலிக்கு முகம் இல்லை.

திரையில் தொகை ஏறிக்கொண்டே போனது. எடுக்கத்தான் முடியவில்லை. அதற்குள் கொழும்பிலிருந்து, செயலியின் மோசடியை விசாரிக்கும் அதிகாரிகள் தோட்ட மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள்.

"ஒருத்தராவது முறைப்பாடு குடுத்தாத்தான் செயலிக்காரங்க கணக்க முடக்கலாம்," என்றார் அதிகாரி. "சேர்த்துவிட்டவங்க மேலயும் வழக்கு வரும்."

மண்டபத்தில் எல்லோர் கண்ணும் வாசலுக்குப் போனது. சுதர்சினி யாரோ ஒருவரின் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அங்கே நின்றார்.

சந்திரகாந்தாவின் அண்ணன் மகன் சசிக்குமார் அவர் காதருகே குனிந்தான். "அத்த, வாயத் தொறந்துறாதீங்க. முடக்குனாங்கன்னா ஒங்க காசும் போச்சு, எங்க காசும் போச்சு."

"இப்ப மட்டும் கையிலயா இருக்கு?"

"போன்ல இருக்குல்ல."

"அந்தப் போன காட்டி ஒரு கிலோ அரிசி வாங்கிட்டு வா பாப்போம்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சேலை நுனியைத் திருகிய விரல்கள் நிற்கவில்லை. எழுந்து முறைப்பாடு கொடுத்தால் லயம் முழுவதும் பகை; உட்கார்ந்திருந்தால், முப்பது வருட உழைப்பு எங்கே போகிறது என்று தேடக்கூட ஆளில்லாமல் போகும். சந்திரகாந்தா எழுந்தார். இதைத் துணிச்சல் என்று சொல்ல நான் தயங்குகிறேன். இரண்டு பயத்தில் எது பெரிது என்று பார்த்துத்தான் எழுந்தார் என நினைக்கிறேன்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். "ஒங்கள யாரும்மா சேர்த்துவிட்டது?"

கைபேசியில் வரும் அழைப்பை எடுக்கவே மகளைக் கூப்பிடுபவர் சந்திரகாந்தா.

"நானேதான் சேந்தேன் சார்."

அதிகாரி பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார், சந்திரகாந்தா கையெழுத்திட்டார்.

ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை என்று சுதர்சினி பிறகு பலமுறை கேட்டார். சந்திரகாந்தா யாரிடமும் காரணம் சொல்லவில்லை.