ஏழு மணிக்குப் படுக்கை

டோலினாவை நான் மாலை ஏழு மணிக்குப் படுக்க வைப்பேன். ஜூன் மாதத்தில் எங்கள் தீவில் சூரியன் மறையப் பத்தரை ஆகும். திரையை எவ்வளவு இழுத்து மூடினாலும் ஓரங்களில் வெயில் வழியும். முகம் துடைத்து, இரவு உடையை மாட்டி, போர்வையைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு நான் விளக்கை அணைக்கப் போனால், அணைக்க விளக்கே எரிந்துகொண்டிருக்காது. வெளியே யாராவது புல் வெட்டும் சத்தம் கேட்கும்.

"கோழியக்கூட இந்நேரத்துக்கு அடைக்க மாட்டாங்க, ஷோனாக்," என்பார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. எனக்கு ஒரு வகையில் சித்தி முறை. இந்தச் சாலையில் குடியிருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு முறைதான். இருபத்திரண்டு வருடம், தீவிலிருந்து ஸ்காட்லாந்தின் கரைக்குப் போகும் கப்பலின் உணவகத்தில் வேலை பார்த்தவர். யார் வேலை தேடிப் போகிறார்கள், யார் தோற்றுத் திரும்புகிறார்கள், யார் பெட்டியில் பிணமாக வருகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டார். ஒருநாள் சூப் தட்டு கையிலிருந்து நழுவியது. அலை என்றார்கள். அன்று கடலில் அசைவே இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். நரம்புகளை அரிக்கும் நோய் என்று பிறகு பெயர் சொன்னார்கள். கால்கள் முதலில் போயின. கைகளில் பாதி பலம் மிச்சம் இருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை ஊராட்சிக் கவுன்சில் பராமரிப்பு வேலைக்காரர்களான எங்களை அனுப்புகிறது, அவரிடம் பணம் வாங்காமல். குளிப்பாட்டுவது, உடுத்துவது, கழிப்பறை, சாப்பாட்டைச் சூடு செய்வது. காலையிலும் மதியத்திலும் வேறு பெண்கள் வருவார்கள். மாலை என்னுடையது. நான் அவர் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் குடியிருப்பதால் நகரத்து அலுவலகம் போட்ட பட்டியல் அவரிடம் தொடங்கி, சாலையோடு நகர்ந்து, ஆறாவது வீட்டில் பத்து மணிக்கு முடிகிறது.

அந்த ஏழு மணி அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது எட்டு மணிக்கு மேல்தான். ஆடுகளைப் பார்த்து, சாப்பிட்டு, கை கழுவிய பிறகு. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவையும் தட்டுவதில்லை. திறந்து உள்ளே வந்து பெயரைச் சொல்வார்கள், தேநீர்க் கெண்டி அடுப்பில் ஏறும். படுத்துவிட்டவர் வீட்டுக்குள் மட்டும் அப்படி நுழைய மாட்டார்கள். டோலினாவின் வீட்டுக்குள் எங்களைத் தவிர யாரும் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"புதன்கிழமை ஐலீன் வராங்க இல்ல? அவங்ககிட்ட நேரத்தை மாத்தச் சொல்லுங்க சித்தி," என்றேன். ஐலீன் எங்கள் மேற்பார்வையாளர். வருடத்துக்கு ஒருமுறை வந்து, உதவி போதுமா என்று கேட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போவார்.

"சொல்றேன். கட்டாயம் சொல்றேன்."

புதன்கிழமை நானும் இருந்தேன். ஐலீனுக்குத் தேநீரும் வெண்ணெய் தடவிய ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்தேன். ஐலீன் படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நேரமெல்லாம் ஒத்துவருதா, டோலினா?"

டோலினா என்னைப் பார்த்தார். பிறகு ஐலீனின் தட்டைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல. ஷோனாக் தங்கமான பொண்ணு. இன்னொரு ரொட்டி எடுத்துக்கோங்க."

ஐலீன் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவர் போன பிறகு, "ஏன் சித்தி?" என்றேன்.

"ஏழு மணி பிடிக்கலன்னு சொன்னா, ஏழு மணிக்கு யார் வரான்னு பார்ப்பாங்க. தாள்ல உன் பேர் விழும். உங்கம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"நேரத்தைத்தானே சொல்லப் போறீங்க? என்னையா சொல்றீங்க?"

"இங்க ரெண்டும் ஒண்ணுதான்."

இனி ஐலீன் கேட்க வர ஒரு வருடம் ஆகும். மறுநாள் நான் உள்ளே போனபோது அவர் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றார்.

"என்ன வேண்டாம்?"

"படுக்கை. நீ போ."

"நான் போனா காலைல எட்டு மணிக்குத்தான் ஆள் வரும். விடிய விடிய இதுலயா உக்காந்திருப்பீங்க?"

"கப்பல்ல நின்னுகிட்டே விடிய வெச்சிருக்கேன். இதுல உக்காந்துதானே இருக்கேன்."

ஒருவர் வேண்டாம் என்றால் நாங்கள் தொடக்கூடாது. அரை மணி நேரம் கெஞ்சினேன். முதுகுக்குத் தலையணை வைத்து, கழுத்தில் தொங்கும் அபாயப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்து, பட்டியலில் 'சேவை மறுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவரோடு பேசுவது எங்கள் தீவின் கேலிக் மொழியில். அவரைப் பற்றி எழுதுவது ஆங்கிலத்தில். எழுதியதைப் படித்தபோது வேறு யாரையோ பற்றியது போல இருந்தது.

காலை என் முறை இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கே போனேன். பாதங்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. துணி நனைந்திருந்தது. துடைத்து, மாற்றி, படுக்கையில் கிடத்தினேன்.

"யாராவது வந்தாங்களா?" என்றேன்.

"லாக்லன் வந்தான்." லாக்லன் பக்கத்து நிலத்தில் ஆடு வளர்ப்பவர், மனைவி இறந்தவர். "ஜன்னல்ல என் தலையப் பார்த்துட்டு ஓடி வந்தான். ரப்பர் பூட்ஸோட. 'உன்னப் படுக்க வைக்க யாரும் வரலயா'ன்னான். உக்காருன்னேன். உக்காரல. ஆடுங்களுக்கு ரோமம் வெட்டணும், மழை வருமோ என்னமோன்னான். அஞ்சு நிமிஷம் இருந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எல்லாரும் இந்தப் பக்கமாத்தான் போனாங்க. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. எட்டு மணிக்கு மேல இந்த ஜன்னல்ல ஆள் இருக்காதுன்னு அவங்களுக்குப் பழகிப்போச்சு."

ஒன்பது மணிக்கும் நான் அங்கேயே இருந்தேன். என் கைப்பேசி அடித்தது. ஐலீன்.

"டோலினாவ நேத்து மறந்துட்டியாமே? லாக்லன் போன் பண்ணிச் சொல்றாரு. பாவம், மனுஷன் அழாத குறை."

நல்லது செய்வதாக நினைத்து அவர் புகார் கொடுத்திருந்தார். ஐலீனின் உரத்த குரல் எங்கள் இருவருக்கும் கேட்டது. கட்டிலிலிருந்து டோலினா கையை நீட்டினார். கைப்பேசியை அவர் காதருகே பிடித்தேன்.

"அவ மறக்கல, ஐலீன். நான்தான் விரட்டினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஏழு மணிக்குப் படுத்தா என் வீட்டுக்கு யார் வருவா? அன்னிக்கு நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

ஐலீனும் இந்தத் தீவுக்காரர்தான்.

"தினமும் முடியாது டோலினா," என்றார். "மத்த அஞ்சு பேரும் எண்பது தாண்டினவங்க. அவங்களுக்குச் சீக்கிரம் படுக்கணும். செவ்வாய்க்கிழமை மட்டும் பட்டியலத் திருப்பிப் போடறேன். உங்க வீடு கடைசி. ஒன்பதரை."

முதல் செவ்வாய் ஒன்பதரைக்குப் போனேன். நீல நிற மேல்சட்டையில் ஜன்னலருகே இருந்தார். வேலிக் கதவின் சத்தம் கேட்க வேண்டும் என்று தொலைக்காட்சியை அணைத்திருந்தார். கெண்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது, சூடாக இல்லை.

"நாளைக்குக் கடையில நாலு பேர்கிட்ட சொல்றேன், செவ்வாய்க்கிழமை நீங்க முழிச்சிருக்கீங்கன்னு."

"சொல்லாத. சொல்லி வரவன் கடமைக்கு வரான்."

படுக்க வைத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் காருக்கு நடக்கும்போது மணி ஒன்பதே முக்கால். வேலிக் கதவைத் திறந்துகொண்டு லாக்லன் வந்தார். பூட்ஸ் இல்லை, கழுவிய முகம், தோய்த்த சட்டை. படுக்கையறைத் திரை மூடியிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"படுத்துட்டாளா?"

"இப்பத்தான். தூங்கல. உள்ள போங்க."

"வேண்டாம்மா. படுத்துட்டவ." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஜன்னல்ல அவ தலை தெரிஞ்சுது. ரோமம் வெட்டி முடிக்க நேரமாயிடுச்சு. அப்புறம் பார்க்கலாம்."

திரும்பிப் போய்விட்டார். நான் உள்ளே போனேன். டோலினா கண்ணைத் திறந்துதான் இருந்தார்.

"லாக்லன் குரல்தானே?"

"ஆமா."

"போயிட்டானா?"

"போயிட்டாரு."

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவாரோ என்று நினைத்தேன். அழவில்லை.

"ஷோனாக், அடுத்த செவ்வாய் நீ பத்தரைக்கு வரணும்."

என் வேலை நேரம் பத்தோடு முடிகிறது என்று அவருக்குத் தெரியும். மூன்று வருடத்தில் என்னிடம் அவர் எதையும் உரிமையோடு கேட்டதில்லை. தண்ணீர்கூட, "உனக்குச் சிரமம் இல்லன்னா" என்றுதான் கேட்பார். இப்போது அந்த வார்த்தைகள் வரவில்லை.

"வரேன் சித்தி," என்றேன்.

"பத்தரை. அதுக்கு முன்னாடி வந்துடாத."