டீசலுக்குக் கொசுறு

"டீசல் மொத்த வியாபாரத்துல நல்ல லாபமாமே?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கடலூரில் நான் எண்ணெய்க் கிணறு தோண்டிவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. லாபம் இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே போய் ஒளிந்திருந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பதினொரு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தேன். சேர்த்ததையெல்லாம் ஒரு சின்ன டேங்கர் வண்டியில் போட்டேன். எண்ணெய்க் கம்பெனி டிப்போவில் மொத்தமாக டீசல் ஏற்ற வேண்டும். சிப்காட் ஆலைகளின் ஜெனரேட்டர்களுக்கும் சிதம்பரம் பக்கத்து அறுப்பு மிஷின்களுக்கும் அவை இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இதுதான் தொழில். உரிமத்துக்கு அலைந்த அலைச்சலைக் கேட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். பங்குச் சாமியார் வந்து வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார்.

என் மனைவி ஒரே ஒரு கெடு வைத்தாள். "தை, மாசி அறுப்பு முடியிறதுக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா திரும்பப் போய்த்தான் ஆகணும். பொண்ணு காலேஜ் போவுது, பாத்துக்குங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குவைத் பெட்டியை அவள் பரணில் ஏற்றவில்லை, பீரோவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தாள். தினமும் அதில் கால் இடித்துக்கொள்வேன். மறுபடி போக எனக்கு மனசே இல்லை. அதை வாய்விட்டு அவளிடம் சொல்லவும் வீம்பு விடவில்லை.

வண்டியை ஓட்டுவதும் ஊற்றுவதும் பில் எழுதுவதும் மச்சான், அதாவது அவள் தம்பி. முதுநகரில் அவர்கள் அப்பா வைத்திருந்த செக்கெண்ணெய்க் கடையில் வளர்ந்தவன். தங்கமான பையன், பொய் வராது. டிப்போ, ஆபீஸ், ஆர்டர் என் பொறுப்பு.

மூன்று மாதம் ஓடியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஏற்றிய லிட்டருக்கும் பில்லில் இருந்த லிட்டருக்கும் கணக்கு உதைத்தது. வெயிலில் ஏற்றிய டீசல் குளிர்ந்ததும் கொஞ்சம் சுருங்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் இப்படியா சுருங்கும்? மீட்டரைச் சோதிக்கச் சொன்னேன், சரியாக இருந்தது. கைலியை மடித்துக் கட்டி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒழுகல் தேடினேன். ஒரு சொட்டுகூட இல்லை. எழுந்தபோது முதுகெல்லாம் கிரீஸ். மனைவி சட்டையைத் துவைக்க வாங்கிக்கொண்டு பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

தை பிறந்து அறுப்பு தொடங்கியதும் நானும் வண்டியில் ஏறினேன். சிதம்பரத்தைத் தாண்டி ஒரு வயலோரம் அறுப்பு மிஷின் நின்றது. மிஷின்காரர் நூறு லிட்டர் கேட்டார். மீட்டர் நூறைத் தொட்டது. மச்சான் குழாயை எடுக்கவில்லை.

"இந்தாங்கண்ணா, கொசுறு," என்று சிரித்துக்கொண்டே நூற்றிரண்டில் நிறுத்தினான். பில்லில் நூறு என்று எழுதினான்.

எனக்கு மயக்கம் வராத குறை. நூறு லிட்டர் விற்றால் எங்களுக்கு நிற்பதே ஏறக்குறைய இரண்டு லிட்டர் விலைதான். மிஷின்காரர் எதிரில் நிற்கிறார் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"அடப்பாவி! இது என்னா கருவேப்பிலையாடா? டீசல்டா!"

"அளந்து ஊத்திட்டு அப்படியே கைய எடுத்தா நல்லா இருக்குமா மாமா? எங்கப்பா ஒரு நாளும் அப்படி எடுத்ததில்ல."

"சிப்காட்லயும் இப்படித்தானா?"

"ஆமா மாமா. அந்த செக்யூரிட்டி அண்ணன் பாவம், வெயில்ல நிக்கிறாரு."

"அவரு என்னா டீசலையாடா குடிக்கிறாரு?"

மிஷின்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காள் புருஷன் ஊரைவிட்டுப் போகப்போவது தன்னால்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கத்தியது எனக்கே கஷ்டமாக இருந்தது. திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தி வடை வாங்கிக் கொடுத்தேன்.

கொசுறு அன்றோடு நின்றது. ஆனால் ஒன்றும் கொடுக்காமல் கையை எடுக்க அவனால் முடியவில்லை. யாரும் சொல்லாமலே ஒரு கைப்பம்பு வாங்கினான். டீசல் ஊற்றுவதற்கு முன்னால் மிஷின் டாங்கின் அடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரையும் கசடையும் உறிஞ்சி எடுத்தான். டாங்கின் வாயை நல்ல துணியால் துடைத்தான். "இது கொசுறுண்ணா, காசு வேணாம்," என்றான். பத்து நிமிஷ வேலை. நடு வயலில் மிஷின் அடைத்து நிற்பது குறைந்ததும், ஒரு மிஷின்காரர் இன்னொருவரிடம் சொல்ல, மாசியில் எங்கள் வண்டி புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் ஓயாமல் ஓடியது.

அறுப்பு முடிந்த வாரம் மனைவி கேட்டாள். "என்னா நின்னுச்சி? உள்ளதச் சொல்லுங்க."

சொன்னேன். குவைத் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் எழுந்துபோய்க் குவைத் பெட்டியை நடு வீட்டுக்கு இழுத்து வந்து திறந்தாள். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்தும் பரணில் ஏறாமல் கிடந்த குடில் பொம்மைகள். சூசையப்பர், மாதா, இடையர்கள், கால் உடைந்த ஒட்டகம் என்று ஒவ்வொன்றாகப் பழைய சேலைத் துணியில் சுற்றி அடுக்கினாள். பாலனைக் கடைசியாக நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

"டேய் தம்பி, வா இங்க. இதப் பரண்ல ஏத்து," என்று மச்சானைக் கூப்பிட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.