ஐம்பது தட்டு, ஐம்பது கைகுலுக்கல்

ஜப்பானின் நகோயா நகரில் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கும் தொமோயோ ஒரு காலத்தில் பாடகி. ஏழு இசைத்தட்டுகள் வெளியிட்டாள். ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் அவளோடு கைகுலுக்க ஒரு சீட்டு இருக்கும். ஒருவரே ஐம்பது தட்டு வாங்கினால் ஐம்பது முறை கை கொடுப்பாள். கடைசித் தட்டில் ஒரே ஒரு வரிக்காக மூன்று நாள் தொண்டை கட்டப் பாடியிருந்தாள்.

அந்தத் தட்டுகளைத்தான் இன்று ஒருவர் பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். அந்நாளில் கைகுலுக்க நிற்கும் வரிசையில் எப்போதும் அவர்தான் முதல் ஆள். அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முகக்கவசம் போட்டிருந்த அவளை அவருக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் விலை போகாதுங்க. வேணும்னா நாங்களே குப்பையில போட்டுடறோம்."

"போட்டுடும்மா. வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு."

"பாட்டு நல்லா இருக்குமாங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எவன் கேட்டான்? சீட்டை உருவிக்கிட்டு மூடி வச்சதுதான். அந்தப் பொண்ணு கை மட்டும் பஞ்சு மாதிரி இருக்கும்மா!"

ரசிகராம், ரசிகர்!

தொமோயோ பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து நன்றி சொன்னாள். வாங்கும்போது அவர் விரல்கள் அவள் கைமேல் பட்டன. அவருக்கு அதுவும் தெரியவில்லை.