தலைவியம்மா ஒட்டாத ஸ்டிக்கர்

ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைவியாகத் திரும்பி வந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டுங்களா? இருந்தால் வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்பது பெற்றோரில் ஒருத்தர் பார்க்க வேண்டிய வேலை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. குறை சொல்லுகிறவர்களுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

எனக்கு வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பத்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை தூக்கிய கதை

வருஷத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டம். அரை நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தேன். கம்பெனி வேன் வருகிற நேரமாகிவிட்டது. தலைமை ஆசிரியை ஏதோ கேட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "கிளம்பட்டுங்களா" என்று கேட்க நான் கையைத் தூக்கினேன். ஒரே கைதட்டல். தோளில் துண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது, தலைவியாக இருக்க யாருக்கு விருப்பம் என்று அவர் கேட்டிருக்கிறார்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஏழாவது படிக்கிற என் மகள் யாழினி நினைவுக்கு வந்தாள். அந்த மாசத்தில் அவளுக்கு இரண்டாவது தடவையாக நீர்க்கடுப்பு. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் நான் காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில், சாயங்காலம் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வெயிலில் தண்ணீர் சுட்டுப்போவதால் குடிக்காமல் விடுகிறாள் போல, தலைவியானால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாட்டர் கூலர் கொண்டுவந்துவிடலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேட்ட உடனே கை தூக்குன ஒரே ஆளு நீங்கதானுங்க, அந்தத் துணிச்சல்தான் நமக்கு வேணும்."

ஆர்ச்சா, கூலரா?

முதல் வேலை, மூன்று வருஷத்துக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது. பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள்: தேவை என்ன, எது முதலில், யார் பொறுப்பு. கம்பெனியில் ஷிப்மென்ட்டுக்குப் பிளான் போடுகிற மாதிரிதானே என்று தெம்பாக உட்கார்ந்து, முதல் வரியில் "வாட்டர் கூலர்" என்று எழுதினேன்.

குழுவில் பழனிசாமி அண்ணன் என்று ஒருத்தர் இருக்கிறார். இதே பள்ளிக்கூடத்தில் படித்து, இன்றைக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். வாசலில் அலங்கார ஆர்ச் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என் முதல் வரியைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கூலர் உள்ளே கெடக்குமுங்க அம்மிணி, ஆர்ச்தான் ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும்."

ஸ்டிக்கர் வைபவம்

"பள்ளிக்கூடத்தை ஒரு சுத்துச் சுத்திக் குறைகளையெல்லாம் குறிச்சுட்டு வாங்க" என்றார் தலைமை ஆசிரியை. நோட்டில் குறிப்பதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு. எங்கள் கம்பெனியில் பனியனில் எங்கே பழுதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஓர் அட்டை நிறைய எடுத்துக்கொண்டு போனேன். ஆடுகிற பெஞ்சுக்கு ஒன்று, விரிசல் விட்ட சுவருக்கு இரண்டு, ஒழுகுகிற குழாய்க்கு ஒன்று. பெண் பிள்ளைகள் கழிப்பறைப் பக்கமும் போனேன். வெளியே புதுப் பெயின்ட், குழாயில் தண்ணீர், பினாயில் வாசம். வாசலிலிருந்தே "பாஸ்" போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் பிள்ளைகள் என் ஸ்டிக்கர்களை உரித்து ஒருத்தர் மேல் ஒருத்தர் ஒட்டி விளையாடியிருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் முதுகில் ஒன்றோடு காலையிலிருந்து சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் பாடம் நடத்தியிருக்கிறார். தலைமை ஆசிரியை போன் செய்தார். சிரிப்பை அடக்குவது குரலிலேயே தெரிந்தது: "பெஞ்சு, சுவரெல்லாம் சரிங்க, கணக்கு வாத்தியாரை மாத்தறதுக்குத் திட்டத்துல எடமில்லீங்க."

பயிற்சி வகுப்பு

தலைவர்களுக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். தலைமை என்றால் முதலில் காது கொடுத்துக் கேட்பது என்றார் பயிற்சி கொடுத்தவர். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருத்தர் தன் பள்ளிக்கூடத்துப் பிரச்சினையை மூன்று நிமிஷம் சொல்ல வேண்டும். மற்றவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும்.

எனக்கு ஜோடியாக வந்தவர் பக்கத்து ஊர் விவசாயி. "எங்க பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பித்தார். நான் உடனே, கூலர் வையுங்க, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீங்க, பிளானை வாரவாரம் எடுத்துப் பாருங்க என்று அடுக்கிவிட்டேன். அவர் பொறுமையாக நான் முடிக்கிற வரைக்கும் இருந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மிணி, நான் இன்னும் பிரச்சினையையே சொல்லலீங்க."

பாட்டில்

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் பாட்டில் வழக்கம்போல நிறைந்திருக்கிறது. திட்ட ஆரம்பித்தவள், அந்த விவசாயியின் முகம் ஞாபகம் வந்து நிறுத்தினேன். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன். பெற்றவர்களே, முயன்று பாருங்கள், பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பது இதைவிடச் சுலபம்.

கொஞ்ச நேரம் என்னை விநோதமாகப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "ஸ்கூல் பாத்ரூமுல நாலு கதவுல ஒண்ணுக்கும் தாழ்ப்பாள் இல்லம்மா. ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி வெளியே கதவைப் புடிச்சுக்கோணும். எங்க கிளாஸ் சுபா வராத அன்னிக்கு எனக்கு ஆள் கெடைக்காது. தண்ணி குடிச்சாத்தானே போகோணும்?"

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"நீ ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்தப்போ, கதவு வரைக்கும் வருவேன்னு நானும் சுபாவும் அங்க உள்ளேதான் நின்னுட்டிருந்தோம்."

ஜெயசீலி

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். எதிரே ஆண்கள் வரிசை. கழிப்பறை என்று நேராகச் சொல்லக் கூச்சம். "அடிப்படை வசதிகளில் சில... மாணவிகள் நலன் கருதி..." என்று சுற்றிச் சுற்றி வந்தேன். பழனிசாமி அண்ணன், ஆர்ச்சைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டி ஆதரவு கொடுத்தார்.

பின்வரிசையிலிருந்து ஜெயசீலி எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். எங்கள் கம்பெனியில் டெய்லர். "ஏக்கா, சுத்தி வளைக்காத. பொம்பளப் புள்ளைக கக்கூஸுக்குத் தாப்பா இல்ல. எம்மவ சாயங்காலம் வந்தா பையக்கூடக் கழத்தாம ஓடுதா. ஆர்ச்சு வழியா நொழஞ்சு வந்து அடக்கிக்கிட்டா உக்காரணும்?"

பிறகு ஓர் அம்மா கை தூக்கினார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார். இன்னொருத்தர். இன்னொருத்தர். உடைந்த தாழ்ப்பாள்கள் பள்ளிக்கூடத்துப் பழைய குறைப் பட்டியலில் "இதர" என்ற தலைப்புக்குள் கிடந்ததைத் தலைமை ஆசிரியையே எடுத்துக் காட்டி, தப்பு என்னுடையதும்தான் என்றார். நான் பேனாவை எடுத்து, என் கையால் எழுதிய முதல் வரியை என் கையாலேயே அடித்தேன். பழனிசாமி அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆர்ச் கெடக்கட்டுமுங்க, நாளைக்கே எங்க ஃபிட்டரை அனுப்பறேன்."

சாம்பிள்

சொன்னபடி மறுநாளே வேலை முடிந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நாலு கதவிலும் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். நாலும் வெளிப்பக்கம். உள்ளே போனவளை வெளியிலிருந்து பூட்டிவைக்கத்தான் அது ஆகும். கம்பெனி குடோன் கதவுக்குப் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறார் ஃபிட்டர். கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைங்க எடம், உள்ளே போகக் கூச்சமா இருந்துச்சுங்க. ஒரு சாம்பிள் காட்டியிருந்தா அப்படியே பண்ணியிருப்பேன்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் வாசலோடு நின்றவள்தானே. மறுபடி அவர் மாற்றிப் போடுகிற வரைக்கும் ஜெயசீலியும் நானும் அங்கேயே நின்றோம். பிறகு ஒவ்வொரு கதவாக உள்ளே போய், தாழ் போட்டு, இழுத்து, ஆட்டி, திறந்து பார்த்தேன். இத்தனை வருஷச் செக்கிங் வேலையில் சரக்குக்கு உள்ளேயே போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது கதவில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஜெயசீலி வெளியிலிருந்து தட்டினாள்: "தலைவியம்மா, செக்கிங் முடிஞ்சா வெளிய வா, இன்னும் ரெண்டு கெடக்கு."

கடைசியாக

மூன்று வருஷத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்து, ஒரு விரல் நீளக் கம்பியைக் கண்டுபிடிக்கவே அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் எடுத்துக்கொண்ட தலைவி நான்.

போன வெள்ளிக்கிழமை கழுவப் போட்ட பாத்திரங்களுக்கு நடுவே யாழினியின் பாட்டில் காலியாக உருண்டது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. பின்னால் வந்து நின்றவள் சொன்னாள்:

"மத்தியானத்துக்கே தீந்துருதும்மா, பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கிக் குடு."